பலத்திலே என் பலவீனம்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

எட்டு மாதம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கத்தை வீணாக்கப் போவதில்லை, எப்படியும் நீ அதைத் தாண்டித்தான் படிப்பாய். வீட்டில் எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. மூன்றாவது பெஞ்சுக்காரனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். குரல் அப்படியே தாத்தாவுடையது, பாவம் குழந்தை. நம் பெரியவர் உன்னைப் பற்றி விசாரித்தார். அதே கேள்வி, அதே சிரிப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் வேதபாடத்தைத் தப்பாக வாசித்துவிட்டேன்.

சிரிக்காதே. எனக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்தவனே நீதான். 30 வருடத்தில் ஒரு சொல் இடறியதில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். பாடம் 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம், பவுல் அப்போஸ்தலன் எழுதியது. தலைகீழாய்ச் சொல்லக்கூடிய பகுதி. சொல்லப்போனால் தலைகீழாகவே சொல்லிவிட்டேன். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்து, சபையைப் பார்த்தபடி, எனக்கே உரிய அந்த நிறுத்தத்தோடு வாசித்தேன்: “என் கிருபை உனக்குப்போதும், பலத்திலே என் பலவீனம் பூரணமாய் விளங்கும்.”

புத்தகத்தில் இருப்பது “பலவீனத்திலே என் பலம்.” அடுத்த வசனத்தின் பாதியில்தான் எனக்கு உறைத்தது. சபையில் ஓர் அசைவும் இல்லை. ஆயர் கண்ணை மூடியிருந்தார், தியானமா வேறு ஏதாவதா என்று சொல்லத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பத்து வயதுப் பெண் மட்டும் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் நின்றது. பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் வந்து, “அங்கிள், நீங்க மாத்திப் படிச்சிட்டீங்க” என்றாள். ஆமாம் என்றேன். “நான் யார்கிட்டயும் சொல்லல” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

இரண்டு நாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் இரவு தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது திடீரென்று பட்டது: நான் வாசித்தது பவுலின் வசனம் இல்லை, ஆனால் அதில் பொய்யும் இல்லை. அது என்னைப் பற்றியது. என் பலம் எது? குரல், உச்சரிப்பு. என் பலவீனம் பூரணமாய் விளங்கியதும் அங்கேதான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கல்லூரிப் பெண் முதல்முறையாகப் பாடம் வாசிக்க வந்தாள். தானியேல் 3. வேறு எதைக் கொடுத்திருந்தாலும் தப்பித்திருப்பாள். நேபுகாத்நேச்சார் என்று ராஜாவின் பெயர் வரிக்கு வரி வருகிற அதிகாரம் அது. முதல் தடவையே திக்கினாள். அடுத்தது வருகிறதே என்ற பயத்தில் அதற்கு முந்தைய சொல்லிலேயே திக்கினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் வெஸ்ட்ரியில், அதுதான் அங்கி மாற்றும் அறையில், பாடகர் குழு முழுவதும் நிற்கும்போது, நான் சொன்னேன்: “வாசிக்க வராதவர்கள் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும்.” குரலை உயர்த்தவில்லை. அழகாக, நிறுத்தி, உச்சரிப்போடு சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பாடம் வாசிக்கவே இல்லை. வாசிப்புப் பட்டியல் போடுகிறவன் நான், அவள் பெயரை நானும் போடவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

உன் கடைசிக் கடிதம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. “களிமண்ணைப் பிசைந்தவரும் அவர், விரிசலைப் பார்த்து முறைக்கிறவரும் அவர், இது என்ன நியாயம்?” என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, போகிறபோக்கில் சொல்வதுபோல, திருவிருந்துக்கு, அந்த அப்பத்துக்கும் ரசத்துக்கும், போவதை நிறுத்திவிட்டேன், சரியான பிறகு போகிறேன் என்று ஒரு வரி. அந்த வரிதான் என் வாயை அடைத்தது. மூன்று முறை பதில் எழுதத் தொடங்கினேன். மூன்றிலும் வானொலிதான் பேசிற்று, கிழித்துப்போட்டேன்.

மத்தேயு 5:48இல் நீ இடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று தெரியும். “பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்.” உன்னை மாதிரிக் கணக்கு எழுதுகிறவனுக்கு அது தணிக்கை நோட்டீஸ் மாதிரிதான் கேட்கும். ஆனால் கிரேக்கத்தில் அங்கே சற்குணம் என்று தனிச் சொல் கிடையாது. தெலேயோஸ் என்ற ஒரே சொல்தான். அதற்கு முழு வளர்ச்சி அடைந்தது, போய்ச்சேர வேண்டிய இடத்தை எட்டியது என்று பொருள். வளர்ந்த ஆளையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது பார்: சத்துருவை நேசிப்பது, தீயோர்மேலும் நல்லோர்மேலும் உதிக்கிற சூரியன். லூக்கா இதே பேச்சை எழுதும்போது பூரணத்தை விட்டுவிட்டு “இரக்கமுள்ளவர்களாயிருங்கள்” என்றே போட்டுவிட்டார். அப்படியானால் அங்கே கேட்பது பிழையில்லாத பேரேட்டை அல்ல, கையில் பிழையோடு நிற்கிறவனையும் விலக்காத மனதை. அதுவும் சுலபமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வெஸ்ட்ரியில் என்னிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

இன்னொன்று. பவுலின் “பூரணமாய் விளங்கும்” என்பதும் அதே வேரிலிருந்து வந்த சொல். இயேசு சிலுவையில் சொன்ன “முடிந்தது” என்பதும் அதே வேர்தான். எபிரெயர் நிருபம் இன்னும் துணிச்சலானது: இரட்சிப்பின் அதிபதியையே உபத்திரவங்களினாலே பூரணப்படுத்தினார் என்கிறது. பாவமில்லாதவர் என்று அதே நிருபம் சொல்கிறவருக்கே பூரணமாக வேண்டியது பாக்கி இருந்தது என்றால், அந்தச் சொல்லுக்கு ‘கறையில்லாமை’ என்று மட்டும் அர்த்தம் இருக்க முடியாது. உயிர்த்தெழுந்த உடம்பிலும் ஆணித் தழும்பு போகவில்லை. தோமாவுக்கு அடையாளம் காட்டியதே அந்தத் தழும்புதானே. அந்த மூன்று நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தவருக்கு அதை மட்டும் ஆற்றத் தெரியாமலா போயிருக்கும்?

ஆனால் ஓர் இடத்தில் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நீயும்தான். குறை என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூட்டை கட்டிவிடுகிறோம். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. கண் நோய், காய்ச்சல் என்று ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. அந்தப் பெண்ணின் திக்கல் அப்படிப்பட்டது. நான் பேசியது அப்படியல்ல. அவளுக்கு முள் இருந்தது, நான் முள்ளாக இருந்தேன். “மனுஷன்தானே, குறை இருக்கத்தான் செய்யும்” என்று என் பேச்சையும் அவள் நாக்கையும் ஒரே தட்டில் வைத்தால் அது சுத்த ஏமாற்று. உன் களிமண் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த விரிசலைப் பார்த்து முறைத்தவன் நான், அவர் இல்லை. இது மட்டும் எனக்குத் தெரியும்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளில் மோசே என்ற ஒரு கறுப்பர் இருந்தார், நாலாம் நூற்றாண்டு. முன்பு கொள்ளைக்காரர். ஒரு சகோதரன் செய்த தவற்றை விசாரிக்க எல்லோரும் கூடி, இவருக்கும் ஆள் அனுப்பினார்கள். ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தாராம் (தண்ணீர் ஒழுகும் குடம் என்றும் சொல்வார்கள்). இது என்ன என்று கேட்டதற்கு, “என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கு இன்னொருவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன்” என்றாராம். விசாரணை அத்தோடு முடிந்தது. 30 வருடம் மேடையிலிருந்து இறங்கி நடந்தேனே, ஒரு நாளாவது திரும்பித் தரையைப் பார்த்திருக்கிறேனா?

உன் திருவிருந்து விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாதே. 303இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் வேதப் புத்தகங்களை எரிக்கக் கேட்டபோது பயந்துபோய்க் கொடுத்துவிட்ட குருமார் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கையால் நடந்த சடங்கு செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் சபையே இரண்டாகப் பிளந்தது. நூறு வருடம் கழித்தும் அந்தச் சண்டை ஓயவில்லை. அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் சொன்னது இவ்வளவுதான்: பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே. கொடுக்கிறவனுடைய யோக்கியதைக்கே இதுதான் நிலைமை என்றால், வாங்குகிற நீ எந்தத் தேதியில் உன் கணக்கை முடித்துக்கொண்டு வரப்போகிறாய்? உன் கையெழுத்தில் 1985ஆம் வருடக் கணக்கே இன்னும் முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். எந்தக் கணக்கு என்று உனக்குத் தெரியும்.

நேற்று அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். பெயரைச் சொல்லுமுன்பே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். வெஸ்ட்ரியில் சொன்னதை நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டேன், அலங்காரம் இல்லாமல், நடுநடுவே உளறி. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அங்கிள், அந்தப் பேரு எனக்கு இப்பவும் வராது” என்றாள். சொல்லியும் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. குழந்தை அழுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் கூப்பிடவில்லை.

முழங்கால் கத்துகிறது, நிறுத்துகிறேன். அடுத்த மாதப் பட்டியலில் மூன்றாவது பெஞ்சுக்காரன் பெயரைப் போட்டிருக்கிறேன். ஆதியாகமத்தை யாத்திராகமம் என்று வாசிக்கக்கூடிய ஆள். முதல் ஞாயிறு, திருவிருந்து உள்ள நாள்தான். அவன் வாசிப்பதைக் கேட்கவாவது வா.

உன்,
வானொலி