அயர்லாந்துப் பண்ணைக்குப் போகும் செருப்பு

ஐயா,

அயர்லாந்தில் நர்ஸ் வேலையிலும் மேற்படிப்பிலும் இருக்கும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், டப்ளினோடு நிற்காமல் கிராமத்துப் பண்ணை ஹாஸ்டல்களிலும் தங்குகிறார்கள். பொதுச் சமையலறை, அடக்கமான வாடகை, சன்னலுக்கு வெளியே ஆடு மாடு. நல்ல ஏற்பாடுதான். ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனி விசா வேண்டும் என்பதை ஏஜென்ட்கள் சொல்லிவிடுகிறார்கள். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோயைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

2001 மார்ச்சில் லவுத் மாவட்டத்தின் கூலி தீபகற்பத்தில் ஒரே ஒரு மந்தையில் கோமாரி உறுதியானது. பரவாமல் தடுக்க 50,000க்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். டப்ளினின் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலமே தள்ளிப்போனது. இங்கே வழக்கமாகத் தடுப்பூசி போடுகிறோம், அங்கே போடுவதில்லை. அதனால் மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் கிடையாது.

கிருமி செருப்படியில் ஒட்டிக்கொண்டும் போகலாம். எனவே பொய்கை மாட்டுச் சந்தைக்கோ, எருது விடும் விழாவுக்கோ, வீட்டுக் கொட்டகைக்கோ போட்டுப்போன செருப்பை விமானம் ஏற்றாதீர்கள். பொங்கல் விடுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வேறு ஷூ இல்லையென்றால், அடிப்பள்ளங்களில் இருக்கும் சாணியையும் மண்ணையும் முதலில் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேராக மருந்தில் முக்குகிறார்கள். சாணி ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. பிறகு லிட்டருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்து, அதில் 10 நிமிடம் ஊறவைத்து, கழுவிக் காயவையுங்கள். சமையல் சோடா உதவாது. அலுமினியப் பாத்திரத்தை சோடா அரிக்கும். பிளாஸ்டிக் வாளி போதும். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் தாண்டிப் போகாமல் மிதித்துப் போங்கள்.

பால், இறைச்சி சேர்ந்த பண்டங்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பதில் கட்டிக்கொடுக்கும் உப்புக்கண்டம் எல்லாமே இதில் அடக்கம், பிடுங்கி அழித்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். புளி, மிளகாய்த்தூள், பருப்புப் பொடி போதாதா?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆடுகள் குட்டி போடும் பருவம். மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் ஈனும் ஆட்டுப் பக்கம் போகவே கூடாது; குட்டியையும், கொட்டகைக்குள் உடுத்திய துணியையும் தொடக் கூடாது. கருவைக் கலைக்கும் கிருமிகள் அவற்றில் இருக்கலாம்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டியைச் சில பண்ணைகளில் இன்னும் எரிக்கிறார்கள். வரட்டியைப் போல நின்று எரியும். ஈரமாக இருந்தால் புகைதான் மிஞ்சும். குளிருக்குப் பயந்து சுவரின் காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிருக்கே ஆபத்து. சாம்பலை இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும்; ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும்.

வெந்நீருக்கு, தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் இமர்ஷன் சுவிட்சைப் போட்டுக் காத்திருக்க வேண்டும், முடிந்ததும் அணைக்க வேண்டும். நம் உருண்டைப் பின் பிளக் நுழையாது. செவ்வக முனையுள்ள மூன்று பின் அடாப்டர் தேவை. வடித்த கஞ்சியையும் தாளித்த எண்ணெயையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குளிரில் எண்ணெய் குழாயிலேயே உறைந்துவிடும். கழிவெல்லாம் போவதும் அந்த வீட்டு செப்டிக் டேங்குக்குத்தான்.

வாசகர்கள் சிலர்,
காட்பாடி.