நாய்க்கு இதயப்புழு மாத்திரைக்கு முன்னாடி ரத்த டெஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்டு மணி நாட்டு நாய்தான், ஆறு வயசு, ராத்திரி வலை கிடக்குற இடத்துல காவல் படுத்துக்கும். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் உடம்பெல்லாம் சொறி, தோலுக்கு அடியில சின்னச் சின்ன கட்டி, சோறும் சரியா எடுக்கல. தெரிஞ்சவர் ஒருத்தர் ஆட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசி 1 மில்லி போட்டு விடுங்க எல்லாப் புழுவும் செத்துரும்னாரு, நானும் போட்டிருப்பேன், வீட்டுல தான் வேணாம்னு தடுத்துட்டாங்க.

150 கிலோமீட்டருக்கு மேல வண்டி வச்சு மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடியில வச்சு மைக்ராஸ்கோப்ல காட்டுனாரு, நூல் மாதிரி குட்டிப் புழுங்க நெளியுது, எனக்கு கையே ஓடல. ஹார்ட்வார்ம், அதாவது இதயப்புழுன்னு முடிவு பண்ணாதீங்க, இதயத்துல இருக்குற புழுவும் தோலுக்கு அடியில இருக்குற புழுவும் குட்டியா இருக்கும்போது பாக்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், தெற்குப் பக்கம் தோல் புழுதான் அதிகம், இதயப்புழு வடகிழக்கு மாநிலங்கள்ல அதிகம்னு சொல்லிட்டு கிட்ல டெஸ்ட் பண்ணாரு. வளந்த பொட்டைப் புழு ரத்தத்துல விடுறத வச்சு இதயப்புழு இருக்கா இல்லையானு அந்த கிட் சொல்லிரும். மணிக்கு நெகட்டிவ். தோல் புழுதான், கழுத்துல ஊத்துற சொட்டு மருந்துல தேறிட்டான்.

ரெண்டையும் பரப்புறது கொசுதான். தண்ணி என்னைக்கு வருமோன்னு ட்ரம்மு ட்ரம்மா புடிச்சு வைக்கிற ஊரு நம்மளோடது, மழை முடிஞ்சா ஊருணி வேற, கொசுவுக்கு என்ன பஞ்சம். இதயப்புழு 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளந்து நுரையீரல் ரத்தக்குழாய அடைச்சிரும், இருமலு, கொஞ்சம் ஓடுனாலே மூச்சு வாங்குறதுன்னு நமக்குத் தெரியும்போது முத்திப்போயிருக்கும். கொசு கடிச்சு ஆறு மாசம் ஆனாத்தான் டெஸ்ட்லயே தெரியும், அதனால ஒரு தடவ நெகட்டிவ்னா விட்டுறக் கூடாது, வருசா வருசம் பாக்கணும். மாசாமாசம் கொடுக்குற தடுப்பு மாத்திரை கொசு புதுசா விட்டுட்டுப் போன குட்டிப் புழுவத்தான் கொல்லும், வளந்தத உடனே கொல்லாது, ரத்தத்துல குட்டிப் புழு நெறைய இருக்குற நாய்க்கு பாக்காம கொடுத்தா சில நேரம் அதிர்ச்சியில விழுந்துரும். அதுக்குத்தான் மொதல்ல டெஸ்ட்.

அந்த ஆட்டு ஊசி கணக்கையும் சொல்லிடுறேன். 1 மில்லியில 10 மில்லிகிராம் மருந்து இருக்கு. 20 கிலோ நாய்க்கு இதயப்புழு தடுக்க மாசத்துக்கு வேண்டியது 0.12 மில்லிகிராம்தான். எண்பது மடங்குக்கு மேல! கோலி (Collie) மாதிரி சில ஜாதி நாய்க்கு இது உயிருக்கே ஆபத்து.

தோல் புழு மனுசனுக்கும் வரும், கேரளாவுல கண்ணுலேந்து எடுத்திருக்காங்க. ரெண்டுல எந்தப் புழுன்னு இங்கேயே தெரிஞ்சுக்க ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கத்து கால்நடை மருந்தகம் எல்லாத்துலயும் இந்த கிட் எப்பவும் இருப்புல இருக்குற மாதிரி கால்நடைத்துறை பாத்துக்கணும், வெறிநாய் தடுப்பூசி முகாமுக்கு வர்ற நாய்ங்களுக்கு அங்கேயே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தாலும் போதும், கடலுக்குப் போற குடும்பம் ஒருநாள் பொழப்ப விட்டுட்டு மதுரைக்கு ஓட வேண்டியதில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்