‘மனைவிக்குப் பின் பிள்ளைகளுக்கு’ என்று எழுதினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மறுமணம் செய்துகொண்டவர்கள் எழுதும் உயில்களில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: “என் காலத்துக்குப் பின் வீடு என் மனைவிக்கு, அவர் காலத்துக்குப் பின் என் பிள்ளைகளுக்கு.” இரு தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதுவதுதான். ஆனால் மூத்த தாரத்துப் பிள்ளைகள் வளர்ந்து தனித்தனிக் குடும்பமாகிவிட்ட வீட்டில், பின்னாளில் வழக்குக்கு வாசல் திறப்பதும் இந்த வரியே. வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதல் சிக்கல் பத்திர நடையில் இருக்கிறது. பழைய மாதிரியைப் பார்த்து எழுதும்போது மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் “தான விக்கிரய சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்ற வாசகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தானம் செய்யவும் விற்கவும் முழு உரிமை கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் “அவருக்குப் பின் என் மகனுக்கும் மகளுக்கும்” என்றால் அந்த இரண்டாவது வரி நிற்காது. முழுதாகக் கொடுத்த சொத்தை அடுத்து யார் அடைய வேண்டும் என்று சொல்லும் உரிமை, கொடுத்தவருக்கு இல்லை.

அந்த வாசகத்தைத் தவிர்த்து “ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும்” என்று கவனமாக எழுதினாலும் இந்துக்களுக்கு இன்னொரு தடை உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வரையறுத்த உரிமை, உட்பிரிவு 1-இன்படி முழு உரிமையாக மாறிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயில் மூலம் புதிதாகக் கொடுத்த வரையறுத்த உரிமை அப்படியே இருக்கும் என்கிறது உட்பிரிவு 2. மனைவிக்கு ஜீவனாம்ச உரிமை ஏற்கெனவே இருக்கிறதே, அப்படியானால் உயிலில் கொடுத்தது எந்த உட்பிரிவில் சேரும் என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் போயிருக்கின்றன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. இந்த நிலையில் குடியிருக்கும் வீட்டை அந்த ஒரு வரியை நம்பி விட்டுப்போவது சரியல்ல.

வரியைத் திருப்பிப் போடுங்கள். வீட்டின் உடைமையைப் பிள்ளைகளுக்கு எழுதி, அதில் மனைவி ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அவருடைய பராமரிப்புக்கு வைப்புத்தொகையோ வேறொரு சொத்தோ முழு உரிமையுடன் எழுதி, ஜீவனாம்சத்துக்காக இதைக் கொடுக்கிறேன் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். வழக்கே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் வீடும் ஜீவனாம்சமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ஆபத்து பெரிதும் குறையும்.

குடியிருப்பு உரிமை என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. வீட்டு வரி யார் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் செலவு, மாடியை வாடகைக்கு விட்டால் பணம் யாருக்கு, மனைவி தன் மகளோடு போய் வசித்தால் உரிமை தொடருமா, அவர் இருக்கும்போது பிள்ளைகள் வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற ஐந்துக்கும் உயிலிலேயே பதில் இருக்க வேண்டும். சிற்றன்னைக்கும் பிள்ளைகளுக்கும் மனக்கசப்பு தொடங்குவது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான்.

உயிலே இல்லாவிட்டால்? இந்து ஆண் ஒருவர் முதல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்தவர், மூத்த தாரத்தில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அவருடைய தாயார் உயிரோடிருந்தால் நான்கில் ஒன்று. மனைவி தன் முந்தைய திருமணத்தில் பெற்ற மகன் இந்தக் கணக்கில் வரமாட்டான். ஆனால் பிறகு அந்த அம்மாள் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கு அந்த மகனுக்கே போகும். கணவரின் பிள்ளைகளுக்குத் திரும்பி வராது. அவருக்குச் சொந்தப் பிள்ளையே இல்லை என்றால்தான் கணவர் வழியில் வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

பெண்கள் உயில் எழுதுவதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. இறந்துபோன முதல் கணவரிடமிருந்து வாரிசாக ஒரு வீட்டை அடைந்தவர், இரண்டு பிள்ளைகளோடு மறுமணம் செய்கிறார். உயில் எழுதாமல் அவர் காலமானால் அந்த வீட்டில் இரண்டாவது கணவருக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. தகப்பனார் வீட்டை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பேரிடி. இரண்டே பக்க உயில் இதைத் தடுத்துவிடும். கணவனும் மனைவியும் ஒரே கூட்டு உயிலாக எழுதாமல் ஆளுக்கொன்று தனித்தனியே எழுதுவது நல்லது.

பழைய உயில் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். மறுமணம் செய்வதால் இந்துவின் உயில் ரத்தாகாது. முதல் மனைவியின் காலத்தில் எழுதியது இன்றும் உயிரோடு இருக்கும். கிறிஸ்தவர்களுக்கு நேர்மாறு: திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். இஸ்லாமியர்கள் கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மூன்றில் ஒரு பங்கை மட்டுமே, அதுவும் பொதுவாக வாரிசல்லாதவர்களுக்கு, உயில் எழுத முடியும். புதிய உயிலில் முந்தையதன் தேதியையும் பதிவு எண்ணையும் சொல்லி ரத்து செய்யுங்கள்.

“என் பிள்ளைகள்” என்று பொதுவாக எழுத வேண்டாம். வளர்ப்பு மகனை நீங்கள் பிள்ளையாகவே நினைக்கலாம், ஆனால் முறையாகத் தத்தெடுக்காதவரை சட்டம் அப்படிப் பார்க்காது. ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, எந்தத் திருமணத்தில் பிறந்தவர் என்பதை எழுதுங்கள். யாருக்காவது குறைத்துக் கொடுத்தால் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: “மூத்த மகளுக்கு அவள் திருமணத்தின்போது மனை எழுதிக்கொடுத்துவிட்டேன்” என்பது போதும். காரணமில்லாமல் பெற்ற பிள்ளையை ஒதுக்கும் உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் இன்னும் முதல் மனைவியோ அண்ணனோ நாமினியாக இருக்கலாம். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவரே தவிர உரிமையாளர் அல்ல. பங்குகளுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தமாகிறது. ஆகவே உயிலும் நாமினியும் ஒரே பேச்சாக இருக்கும்படி எல்லாப் படிவங்களையும் மாற்றுங்கள். குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதவே முடியாது, அது விதிப்படி போகும்.

கையெழுத்திடும் முறையில்தான் பல உயில்கள் கவிழ்கின்றன. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். காகிதத்தைச் சாட்சியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினால் உயில் செல்லாது. சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, உயிலில் பலன் பெறாதவர்களாக இருக்கட்டும். நாளை வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டியிருக்கும். புதிய மனைவியோ மூத்த மகனோ முன்னின்று உயில் எழுத வைத்தார்கள் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அவர்களை அழைத்துப்போகாமல் இருப்பது உத்தமம். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். ஆனாலும் மறுமணக் குடும்பங்கள் பதிவு செய்வதே நல்லது. வயது எழுபதைத் தாண்டியிருந்தால், சுயநினைவோடு இருக்கிறார் என்று அதே நாள் தேதியிட்ட மருத்துவர் சான்றையும் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, பலர் விட்டுவிடும் ஒரு வரி. கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் இறந்து, யார் முதலில் என்று தெரியாவிட்டால், வயதில் இளையவர் பின்னால் இறந்ததாக இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். மனைவி இளையவர் என்றால், அவருக்கு எழுதிய சொத்தெல்லாம் அவர் வழி வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். “எனக்குப் பின் முப்பது நாள்கள் என் மனைவி உயிருடன் இருந்தால் மட்டுமே இது அவரைச் சேரும், இல்லையேல் கீழ்க்கண்ட என் பிள்ளைகளைச் சேரும்” என்ற வாசகத்தை அவருக்கு எழுதும் ஒவ்வொரு சொத்துக்கும் கீழே சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடும்பச் சொத்து ஆவணங்கள் தயாரிக்கும் வழக்கறிஞர்கள்