செயலாளர் ஆண்டறிக்கை: வாசிப்பு வகுப்பும் மானியக் கணக்கும்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற கூட்டத்தின் குறிப்பும் பொருளாளரின் கணக்கும் உங்கள் கையில் இருப்பதால் அவற்றைப் படித்துக் காட்டப் போவதில்லை. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான சனிக்கிழமைத் தமிழ் வாசிப்பு வகுப்பு ஆண்டு முழுதும் நடந்தது. இவ்வறிக்கை பெரும்பாலும் அதைத் தாங்கிய மானியத்தைப் பற்றியது.

மானியம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பணம் பிந்தித்தான் வருகிறது. 12,000 சிங்கப்பூர் வெள்ளித் திட்டத்துக்கு 70 விழுக்காடு மானியம் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 8,400, நம் பங்கு 3,600. மானியத்தில் பாதி முன்பணமாகவும் மீதி இறுதி அறிக்கைக்குப் பின்னும் வரும் என்றால், கடைசித் தவணை வரும்வரை 7,800 வெள்ளி சங்கத்தின் கையிலிருந்து போக வேண்டும். அறிக்கையில் ஒரு ரசீது குறைந்தாலும் அந்தத் தவணை தள்ளிப்போகும். ஆசிரியர் ஊதியத்தைத் தள்ளிப்போட முடியுமா?

வங்கியில் பணம் இருக்கும்போது தீபாவளி விருந்துக்கு ஏன் கைவிரிக்கிறீர்கள் என்ற கேள்வியும் வந்தது. அது வாசிப்பு வகுப்புக்கென வரையறுக்கப்பட்ட நிதி. கணக்கில் தனிப் பத்தியில் நிற்கும். வேறு செலவுக்குத் தொடக்கூடாது, மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும். நம் கணக்காண்டு டிசம்பரில் முடிகிறது. அரசாங்க நிதியாண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் ஒரே மானியம் நம்முடைய இரண்டு ஆண்டுக் கணக்கில் உட்காருகிறது. டிசம்பர் 31இல் செலவாகாத பாக்கியை உபரி என்று எண்ணிவிட வேண்டாம்.

விண்ணப்பத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடம் வரவு செலவுத் திட்டம். பயிற்சிநூல் அச்சிட 2,000 வெள்ளி என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறோம். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்தால் 2,180 ஆகிறது. நாம் அந்த வரிக்குப் பதிவு செய்யாத சங்கம் என்பதால் 180 வெள்ளியை மீட்க வழியில்லை. விலைக்குறிப்பு பெரும்பாலும் 30 நாள்தான் செல்லும், மானிய முடிவு வர அதைவிட நாளாகும். ஆகவே வரியோடு மொத்த விலையையும் எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் தேதிக்கு முந்திய செலவைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்குப் பிப்ரவரியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டு மார்ச்சில் விண்ணப்பிப்பது வீண்.

நிதியின் நோக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும். 2011இல் தொடங்கிய லீ குவான் இயூ இருமொழி நிதி பாலர் பருவத்தின் மீது கவனம் செலுத்துவது. தொடக்கநிலை வகுப்புக்கு அங்கே மனுப் போடுவதில் பொருளில்லை. சில அறக்கட்டளைகள் ஐபிசி (பொதுநலத் தன்மை வாய்ந்த அமைப்பு) என்ற தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கே தருகின்றன. அத்தகுதி உள்ளவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. நாம் பதிவு பெற்ற அறநிறுவனம்தான், ஐபிசி அல்ல. நன்கொடை கேட்கும்போது இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ரசீது விஷயத்தில் பலமுறை சொல்லியும் பழைய கதைதான். விலைப்பட்டியல் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், வாங்கிவந்த தொண்டூழியரின் பெயரில் அல்ல. ஆசிரியருக்கு ரொக்கம் வேண்டாம். பேநவ் என்ற மின்னியல் பணமாற்றுச் சேவை வழி அனுப்பினால் தேதியும் தொகையும் தாமாகவே பதிவாகும். பேரங்காடி ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. கோப்பில் ஆறு மாதம் கிடந்தால் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து அனுப்புங்கள்.

வருகைப் பதிவில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. 2019 செப்டம்பர் முதல் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. பெயரும் வகுப்பும் போதும். பிள்ளைகளின் படத்தை அறிக்கையில் சேர்ப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதலைச் சேர்க்கைப் படிவத்திலேயே பெறவேண்டும். 40 பிள்ளைகள் 12 வாரம் வந்தால் பயனடைந்தோர் 40 பேர்தான். 480 என்பது வருகை எண்ணிக்கை. இரண்டையும் குழப்பினால் நம் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள், அது நியாயமும்கூட.

முன்னேற்றம் காட்ட முதல் வகுப்பிலேயே சோதிக்க வேண்டும். அந்த நாளை விட்டால் ஒப்பிட ஒன்றும் இராது. சுமார் 100 சொல் உள்ள பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லி, பிழைகளையும் எடுத்த நேரத்தையும் குறித்தால் போதும். கடைசி வாரம் அதே தரத்தில் வேறொரு பத்தியைக் கொடுங்கள். பழைய பத்தி சிலருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பொறுப்பாளர் மாறும்போது, அமைப்புகள் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைவதற்கான கார்ப்பாஸ் அனுமதியையும் உடனே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கெடு முடியும் இரவில் மானிய இணையவாசலுக்குள் யாரும் நுழைய முடியாது.

செயலவையின் பரிந்துரைகள் இரண்டு. பொதுநிதியில் ஆறு மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை ஒரே சமயத்தில் ஒரு மானியத்துக்கு மேல் ஏற்க வேண்டாம். ஒவ்வொரு மானியத்துக்கும் ஆவணம் காக்க, வகுப்பு நடத்தாத ஒருவரை நியமிக்க வேண்டும். இரண்டையும் இன்று வாக்கெடுப்புக்கு வைக்கிறோம்.

சங்கப் பதிவகத்துக்கான ஆண்டு விவரத்தை இக்கூட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கௌரவத் தணிக்கையாளர்கள் இருவரும் கணக்கில் கையொப்பமிட்ட பிறகே இன்று கிளம்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்