1.02 காரட் அஷர் கட் மோதிரம்: கல் மாற்றிக் கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்: ரசீதில் கண்ட வாடிக்கையாளர், கும்பகோணம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர், தலைமை அலுவலகம், தியாகராய நகர், சென்னை.

நாள்: செப்டம்பர் 20

பொருள்: நிச்சயதார்த்த மோதிரத்தில் நான் தேர்ந்தெடுத்த கல்லுக்குப் பதிலாக வேறு கல்லைப் பதித்துக் கொடுத்தது, கேட்கப் போன இடத்தில் அவமதித்தது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் வரி மாறாமல் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. 48 மணி நேரத்தில் எங்கள் அதிகாரி உங்களைத் தொடர்புகொள்வார்." அந்த 48 மணி நேரம் முடிந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. ஒருவரும் தொடர்புகொள்ளவில்லை. நான் அழைத்தால் பாட்டுப் போடுகிறார்கள், பாட்டு முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்த முறையாவது ஒரு மனிதர் இதைக் கடைசி வரை படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜூன் 7 அன்று உங்கள் உஸ்மான் ரோடு கிளையில், இரண்டாவது மாடி வைரப் பிரிவில், 1.02 காரட் அஷர் கட் வைரக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூலை வெட்டி, படிப்படியாகப் பட்டை தீட்டிய சதுரக் கல் அது. ஜி வண்ணம், வி.எஸ்.1 தூய்மை, 5.60 க்கு 5.55 மில்லிமீட்டர், ஆழம் 67.6 சதவீதம். வைரங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜி.ஐ.ஏ. அமைப்பின் சான்றிதழில் வடிவம் "ஸ்கொயர் எமரால்டு கட்" என்று இருந்தது. ஜி.ஐ.ஏ. அஷர் கட்டை அப்படித்தான் குறிப்பிடும் என்று உங்கள் விற்பனையாளரே விளக்கினார். சான்றிதழ் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். இரண்டு லட்சம் முன்பணம் கட்டினேன். ஜூலை 26 அன்று மீதியைக் கட்டி மோதிரத்தை வாங்கினேன். மூன்று சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் ₹4,38,500.

மோதிரத்தில் இருப்பது அந்தக் கல் இல்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த சான்றிதழில் எண் வேறு. வடிவம் "கட்-கார்னர்டு ஸ்கொயர் மாடிஃபைட் பிரில்லியன்ட்". கடையில் இதை ரேடியன்ட் கட் என்பார்கள், அஷர் போலப் படி வெட்டு இல்லாதது. உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாடியில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்லைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் கோபம் உங்களுக்குப் புரியாது. இரண்டு முறை சென்னை வந்து ஐந்து கற்கள் பார்த்தோம். முதல் கல்லின் அடியில் விலைச்சீட்டை வைத்தால் எழுத்து அப்படியே மேலே தெரிந்தது. ஆழம் போதாமல் ஒளி கீழே வழிந்து போகும் கல் அது. இரண்டாவது சதுரமாகவே இல்லை, நீளம் அகலத்தைவிட எட்டு சதவீதம் கூட. மூன்றாவதில் மேசை போன்ற அந்த மேல் பட்டைக்கு நேர் கீழே ஒரு கரும்புள்ளி. வட்ட பிரில்லியன்ட் கல்லாக இருந்தால் மினுமினுப்பில் அது மறைந்திருக்கும். படிப்படியாக வெட்டிய கல்லில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்குத் தனித்தனியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. என் பாட்டி தன் ப்ளூ ஜாகர் வைரத் தோட்டை வாங்குவதற்கு முன் கல்லை வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தாராம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவன் நான். நான்காவது வண்ணத்தில் தேறவில்லை. ஐந்தாவது கல்லை லென்ஸில் பார்த்தவுடன் என் வருங்கால மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மகாமகக் குளம் மாதிரி இருக்குங்க. நாலு பக்கமும் படி இறங்குது."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நான்கு வெட்டிய மூலையிலிருந்தும் நடுவை நோக்கிக் காற்றாடி இறக்கை போல நிழல் இறங்கும். விரலை லேசாகத் திருப்பினால் ஒரு படி வெளுக்கும், அடுத்த படி கறுக்கும். அதற்காகத்தான் இத்தனை பணமும்.

ஜூலை 27 காலை, வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். படி இல்லை. காற்றாடி இல்லை. ஐஸ் கட்டியைச் சுத்தியலால் நொறுக்கிப் போட்டது போல சில்லு சில்லாக மினுங்கியது. கடை விளக்கில் அன்று கண் கூசியதில் கவனிக்கவில்லை, அது என் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து மடங்கு லென்ஸ் வாங்கி, கல்லின் இடுப்பில் லேசரில் பொறித்த எண்ணைப் படித்தேன். அது பெட்டியில் இருந்த சான்றிதழோடு பொருந்துகிறது. என் கைப்பேசிப் படத்தோடு பொருந்தவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தங்கத்தில் நான் குறை சொல்லவில்லை. 18 காரட் வெள்ளைத் தங்கம், 750 முத்திரை இருக்கிறது, ஹால்மார்க்கோடு வரும் ஆறு இலக்க அடையாள எண்ணை (எச்.யு.ஐ.டி.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஓரத்துப் பொடிமணி வேலையும் அழகாகவே இருக்கிறது, அதைச் செய்த ஆசாரிக்கு என் வணக்கம். ஆனால் ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை.

இப்போது ஆகஸ்ட் 9. "நேரில் வாங்க, மேனேஜர் இருப்பார், அன்னைக்கே முடிச்சுக் கொடுத்துடுவோம்" என்று உங்கள் கிளையிலிருந்து போனில் சொன்னதை நம்பி, முந்தின இரவு உழவன் எக்ஸ்பிரஸில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏறினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நடந்து, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தீர்கள். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் மேலாளர் என்றார்கள். காபி கொடுத்தார்கள், மறுக்கவில்லை. கடைசியில் வந்தவர் மாடி மேற்பார்வையாளர்.

அவர் மோதிரத்தை வாங்கி ஒரு நொடி பார்த்தார். லென்ஸ் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் சதுரம், ரெண்டுக்கும் மூலை வெட்டியிருக்கு. ஒண்ணுதான் சார்" என்றார். படத்தைக் காட்டினேன். "இது இன்னும் நல்லா மின்னுதே, உங்களுக்கு லாபம்தானே?" என்றார். நான் விடவில்லை. அப்போதுதான், என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சொன்னார்: "பொண்ணுக்குத் தெரியவா போகுது சார்? விரல்ல போட்டா வைரம் வைரம்தான்."

பெண்ணுக்குத் தெரியவா போகிறது! அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பெண்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை, மோதிரப் பெட்டியை மெதுவாக மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஊர் திரும்பும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு பயணம் இருந்ததில்லை, இனி இருக்கவும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. ஜூன் 7 அன்று விற்பனையாளர் "கட் எக்ஸலன்ட் சார்" என்றார். இந்த வடிவத்துக்கு ஜி.ஐ.ஏ. கட் தரமே போடுவதில்லை. அந்தச் சான்றிதழில் எக்ஸலன்ட் என்று இருந்தது பாலிஷுக்கும் சிமெட்ரிக்கும்தான். அதை அன்றே பெரிதுபடுத்தாமல் விட்டேன், கல் நல்ல கல் என்பதால்.

நீங்கள் கொடுத்த வழவழப்பான கையேட்டில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? 1902-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் அஷர் உருவாக்கிய பட்டை, 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908-இல் பிளந்த அதே குடும்பம், 1920களின் ஆர்ட் டெக்கோ அழகு என்று இரண்டு பக்கம். அதைப் படித்துத்தான் வந்தோம். ரேடியன்ட் கட் வந்தது 1977-இல். 1902-ஐக் காட்டி விலை பேசி 1977-ஐக் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்று என்கிறீர்கள். உங்கள் கையேட்டை உங்கள் ஆட்கள் ஒருவராவது படித்ததுண்டா?

ஆவணி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. அவசரத்துக்கு எங்கள் ஊர்க் கடையில் நாலு கிராமில் வெறும் தங்க மோதிரம் வாங்கிப் போட்டேன். பெண் வீட்டுப் பெரியவர்கள் "வைர மோதிரம்னு சொன்னீங்களே?" என்று சபையில் கேட்டபோது என் அப்பாவுக்குப் பதில் சொல்ல வரவில்லை. மொத்தக் குடும்பத்தின் மானமும் அன்றைக்குப் போய்விட்டது. அந்த ஒரு நாளுக்கு ஈடாக உங்கள் கடையையே எழுதிக் கொடுத்தாலும் போதாது.

தயவுசெய்து இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அத்தை கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டு நகையெல்லாம் உங்களிடம் வாங்கியதுதான். கல் பதிக்கும்போது பொட்டலம் மாறியிருக்கலாம், மனிதர்கள் செய்யும் தவறுதான். "மாறிப்போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இப்போதும் நேரம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். கைப்பேசிப் படத்தில் உள்ள எண்ணுடைய அதே கல்லை இதே மோதிரத்தில் பதித்துத் தாருங்கள். அந்தக் கல்லை வேறு யாருக்காவது விற்றுவிட்டீர்கள் என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, செய்கூலி, ஜி.எஸ்.டி. உட்பட முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். "எக்ஸ்சேஞ்சில் பத்து சதவீதம் கழிப்போம்" என்று போனில் சொன்ன அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள். நான் மாற்ற வரவில்லை, நீங்கள்தான் மாற்றினீர்கள். இத்தனை முறை வந்துபோன செலவும் வேண்டும். அந்த மேற்பார்வையாளர் என் அம்மாவிடம் போனிலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 5 வரை காத்திருப்பேன். அதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. எனக்குச் சென்னை வர வேண்டிய தேவையே இல்லை. உங்கள் ஆள்தான் வாய்தா வாய்தாவாகத் தஞ்சாவூருக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும், அங்கே அவர் மூன்றரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

மோதிரம் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. யார் விரலிலும் ஏறவில்லை. நான் இனி உஸ்மான் ரோட்டுக்குக் கொண்டுவர மாட்டேன், லென்ஸ் பிடிக்கத் தெரிந்த ஒருவரை இங்கே அனுப்பி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் அம்மா இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், முன்பணச் சீட்டு நகல், ஜூன் 7 அன்று எடுத்த சான்றிதழ்ப் படம், பெட்டியில் இருந்த சான்றிதழின் நகல், முந்தைய மூன்று கடிதங்கள்.