மதிப்புரையோடு நூலின் ஒரு பத்தியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பக்கத்தைத் தவறாமல் படித்துவரும் வாசகன் என்ற முறையில், அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு நூலைப் படித்து முடித்ததும் அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் இடைவெளியில்தான் பலருடைய வாசிப்புப் பழக்கம் அறுந்துபோகிறது. படிக்க நேரமில்லை என்று சொல்பவர்களில் பலர், பிடித்த நூல் கையில் இருந்தபோது எப்படியோ நேரத்தை ஒதுக்கிக்கொண்டவர்கள்தாம்.

அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலை அமெரிக்காவில் ‘தி புக்மேன்’ என்ற இதழ் 1895-ஆம் ஆண்டிலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. ‘இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்’ என்று இணைய விற்பனைத் தளங்கள் இன்று காட்டும் பரிந்துரையும் அதே வழியில் வந்ததுதான். எந்தெந்த நூல்களை ஒரே ஆட்கள் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடும் அந்தக் கணக்குக்கு, நூலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது தேவைப்படுவதில்லை. ஆகவே பலர் வாங்கிய நூலே மேலும் மேலும் கண்ணில் படுகிறது. சிலரே வாங்கிய நல்ல நூல் பின்தங்கிவிடுகிறது. நட்சத்திர மதிப்பீட்டிலும் இதே குறை உண்டு. நான்கு நட்சத்திரங்களைக் கொடுத்தவர் கதையின் வேகத்தை ரசித்தவரா, நடையை நிதானமாகச் சுவைத்தவரா என்பது அதிலிருந்து தெரிவதில்லை. ‘கதை மிக மெதுவாக நகர்கிறது’ என்று ஒருவர் சொல்லும் குறையைப் படித்துவிட்டு, அதற்காகவே அந்த நூலைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாம் விதி நிறைவேற வேண்டுமென்றுதான், வாசகர்களே அடுக்குகளுக்கிடையில் சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் முறையை அவர் வற்புறுத்தினார். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்து, ஊழியர் எடுத்து வரும்வரை காத்திருக்கும் இடத்தில், ஏற்கெனவே பெயர் தெரிந்த நூல் மட்டுமே கைக்கு வரும். அடுக்கின் முன்னால் நிற்பவருக்கோ, தேடி வந்த நூலின் பக்கத்திலேயே அதே பொருளைப் பற்றி, அதுவரை கேள்விப்பட்டிராத ஒருவர் எழுதிய நூலும் தென்படும். படித்தவர்கள் திருப்பிக் கொடுத்து, இன்னும் அடுக்கில் ஏறாமல் தள்ளுவண்டியில் கிடக்கும் நூல்களை முதலில் புரட்டிப் பார்க்கும் வாசகர்களை நான் கண்டிருக்கிறேன். முதுகட்டை மடிந்து வெளுத்து, ஓரங்கள் மழுங்கி, தேதிச் சீட்டில் முத்திரைகள் அடுத்தடுத்து விழுந்திருக்கும் ஒரு நூல், முகம் தெரியாத பலர் அதைப் படித்திருக்கிறார்கள் என்பதை விளம்பரமின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆயினும் அடுத்த நூலைக் காட்டுவதில், இப்போது படித்து முடித்த நூலுக்கு நிகரான வழிகாட்டி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். கட்டுரை நூலாக இருந்தால், அடிக்குறிப்புகளிலும் துணைநூற்பட்டியலிலும் திரும்பத் திரும்ப வரும் பெயரைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் யாரிடம் கற்றார், யாரோடு முரண்பட்டார் என்பது அங்கே புலப்படும். முரண்பட்டவரின் நூலையே அடுத்து எடுத்துப் படித்தால், முதல் நூலும் கூடுதலாக விளங்கும். மொழிபெயர்ப்பு நாவலாக இருந்தால், மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்வது நல்ல வழி. பெரும்பாலோர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லோடும் மாதக்கணக்கில் உழைத்தவரின் ரசனையை நாம் ஏற்கெனவே ஒரு முறை சோதித்து அறிந்துவிட்டோம். அவர் வேறு எவற்றை மொழிபெயர்த்திருக்கிறார் என்று பார்ப்பது, பின்னட்டைப் பாராட்டுகளை நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

நூலை வாங்குமுன் 99-ஆம் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்க்கும் முறை ஒன்று, ஆங்கில எழுத்தாளர் ஃபோர்டு மேடாக்ஸ் ஃபோர்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. எந்தப் பக்கம் என்பது முக்கியமன்று. முதல் பக்கத்தை எந்த எழுத்தாளரும் பலமுறை செதுக்கியிருப்பார். நடுப்பக்கத்தில்தான் அவருடைய இயல்பான நடை தெரியும். எடுத்த நூல் ஒட்டாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு, அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஓர் எளிய கணக்கைச் சொல்லியிருக்கிறார்: 50 பக்கங்கள் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள், 50 வயதைக் கடந்தவர்கள் 100-இலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களைப் படித்தால் போதும். இந்தக் கணக்குப்படி 70 வயதுக்காரர் 30 பக்கங்களிலேயே முடிவெடுக்கலாம். தொடங்கியதை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தால் ஒரே நூலில் மாதக்கணக்கில் சிக்கி, கடைசியில் படிப்பதையே விட்டுவிட்டவர்களுக்கு இந்த அனுமதி மிகவும் தேவை.

தங்கள் மதிப்புரைப் பக்கத்தில் கதைச் சுருக்கமும் பாராட்டும் இப்போது பெரும்பகுதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இரண்டையும் படித்த பிறகும், இந்த நூல் எனக்கானதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு மதிப்புரையோடும் நூலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பத்தியை மாற்றமின்றி அச்சிடுமாறு வேண்டுகிறேன். எத்தகைய வாசகருக்கு இந்த நூல் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதை மதிப்புரையாளர் வெளிப்படையாக எழுத வேண்டும். இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்க வேறொரு நூலையும் அவர் குறிப்பிட்டால் மிகுந்த உதவியாக இருக்கும். புதிய வெளியீடுகளுக்கு மட்டுமே பக்கத்தை ஒதுக்காமல், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து இன்று பேசப்படாமல் கிடக்கும் நூல் ஒன்றையும் வாரந்தோறும் அறிமுகப்படுத்தலாம். இடம் போதவில்லை என்றால், கதைச் சுருக்கத்தைத் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்