இரண்டு வருடக் கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, டொரன்டோவில் வீடு வாங்கட்டுமா என்று கேட்டாய். "இன்னும் இரண்டே வருடத்தில் வரப்போகிறவனுக்கு அங்கே எதற்கு வீடு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வராமல் பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தேன். 28-ஆம் அதிகாரத்தில் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன்.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும், தச்சர் கொல்லர் வரை கைத்தொழில் தெரிந்தவர்களையும் தன் நாட்டுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோய்விட்டான். சில வருடம் கழித்து, ஆலயத்தில் ஜனங்கள் பார்க்க, அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். பிள்ளைகளைப் பிரிந்திருந்தவர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆசையை வாக்காகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த அதிகாரத்தில், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். பட்டணம் என்றால் பகைவனின் பட்டணம்! "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கிறோமே, அந்த வசனமும் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருடம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்றிருப்பதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

ஆறு வருடமாக உனக்கு அனனியா வேலை பார்த்திருக்கிறேன். நீயும் என் பேச்சைக் கேட்டு, ஒரு நல்ல கட்டில்கூட வாங்காமல் இருக்கிறாய்.

இதே எரேமியா இன்னொன்றும் செய்தார். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. இவரோ காவலில் இருக்கிறார். அப்போது அவருடைய அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரி வளைத்துக்கொண்ட நாட்டில் யார் நிலம் வாங்குவார்? பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். போனவர்களை அங்கே வேரூன்றச் சொன்ன அதே மனிதர், ஊரில் நிலம் வாங்கினார். கி.மு. 586-இல் நகரம் விழுந்தது. அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு விதைகூடப் போட்டதாக எழுதப்படவில்லை.

நம் மனைப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. வேலியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்த வீட்டைப் பேசி முடி. முன்பணத்துக்குக் குறைந்தால் சொல், கூச்சப்படாதே. கொல்லைப்புறம் உண்டா, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா